பச்சை டிக்

எனக்கு மூக்குமேல் கோபம் வரும். முக்கூடல் பக்கத்துப் பள்ளியில் என்னிடம் கணக்குப் படித்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்லும். அந்த ஒரு வருஷம் மட்டும் நான் அதிகம் கத்தவில்லை. கையில் செயலி இருந்தது.

பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடங்களைப் பலகையில் போட்டு, நானே பேசி, வீடியோவாக ஏற்றியிருந்தேன். பிள்ளைகள் வீட்டிலிருந்தே அவரவர் வேகத்தில் படிக்கலாம். பாடம் முடிந்ததும் நான்கு விடைகளில் ஒன்றைத் தட்ட வேண்டும்; தப்பானால் சரியாகிறவரை தட்டலாம். முடித்தவர் பெயருக்கு நேரே என் போனில் பச்சை டிக் விழும்.

எல்லாப் பாடத்துக்கும் முதலில் பச்சை வாங்கியவள் ஒரு பீடித் தொழிலாளியின் மகள். அப்பா இல்லை. நர்ஸுக்குப் படிக்க ஆசை. "எல்லாத்துலயும் தேறிட்டாள்னா மேல படிக்க அனுப்புதேன் டீச்சர். ஒண்ணுல போனாலும் எங்கூட பீடித் தட்டுல உக்காரட்டும்" என்று அவள் அம்மா என்னிடமே சொல்லியிருந்தாள்.

பள்ளி விட்டபின் சிறப்பு வகுப்பு வைத்தேன். பச்சை விழாதவர்களுக்கு மட்டும். அவளும் பையோடு வந்து நின்றாள். "நீ எதுக்குட்டி நிக்க? ஒனக்குத்தான் எல்லாம் முடிஞ்சாச்சே, வீட்டுக்குப் போ" என்றேன். அரையாண்டில் அவள் மார்க் சரிந்தபோதும், பயந்து உளறியிருக்கிறாள் என்றே நினைத்தேன். விடைத்தாள் கையில் இருக்க, போனை நம்பினேன். புத்தி கெட்டவள் நான், வேறென்ன சொல்ல.

பொதுத்தேர்வில் கணக்கில் மட்டும் தோற்றுவிட்டாள். யாரையோ விட்டுத் தட்டச் சொல்லி என்னை ஏமாற்றியிருக்கிறாள் என்று வாய்க்கு வந்ததைத் திட்டிக்கொண்டே அவள் வீட்டுக்குப் போனேன்.

முன்னறையில் அம்மாவும் மகளும் மடியில் தட்டோடு பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். பீடி சுற்றுகிற வீடுகளில் கை வேலை பார்க்கும், காதுக்கு ஏதாவது ஓட வேண்டும். முன்பு ரேடியோ இருந்த இடத்தில் இப்போது போன் சாய்ந்திருந்தது.

"ஒரு பாடம் விடல டீச்சர். தெனமும் இங்கனதான் ஓடும். எனக்கே பாதி மனப்பாடம்" என்றாள் அம்மா.

நான் மகளிடம் இருபடிச் சமன்பாட்டைக் கேட்டேன். "இந்தா, இத இங்கன கொண்டு வாரோம், இதையும் இதையும் அடிச்சிருதோம், ஆச்சா?" என்று என் குரலிலேயே ஒப்பித்தாள். நடுவில் நான் இருமிய இருமல்கூட இருந்தது. தாளும் பென்சிலும் கொடுத்துப் போடச் சொன்னேன். தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க 'இங்கன பாருங்க'ம்பிய டீச்சர். அப்ப நான் இலையப் பாத்துக்கிட்டு இருப்பேன். அதான் சாயங்காலம் உங்ககிட்ட உக்காரலாம்னு நின்னேன். நீங்க போவச் சொல்லிட்டிய."

"துணைத் தேர்வு இருக்குல்லா, நாளைக்கே வாட்டி, நான் சொல்லித் தாரேன்" என்றேன்.

"இருக்கட்டும் டீச்சர். சொன்னது சொன்னதுதான்" என்றாள் அம்மா. மகள் தாளை என்னிடம் நீட்டிவிட்டு அடுத்த இலையை எடுத்தாள்.

செயலியை நான் இன்னும் விடவில்லை. பச்சை விழுந்தவர்களைத்தான் இப்போது முதலில் பலகைக்குக் கூப்பிட்டுக் கணக்கைப் போடச் சொல்கிறேன். அவளுக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.