பாட்டு நின்றால் கதவைத் திறக்கலாம்

ஏழாம் வகுப்புக்கு வாசிக்கவும் எழுதவும் சொல்லிக்கொடுக்கும் டீச்சருக்கு எங்கள் பள்ளியில் ‘செஞ்சு பாக்குறேன்’ என்று பெயர். பிள்ளைகள் எதை எழுதி நீட்டினாலும் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அவர் சொல்வது அது ஒன்றுதான். சொன்னால் செய்துவிடுவார், அதுதான் ஆபத்து.

பாட்டிலில் தண்ணீர் பிடிப்பது எப்படி என்று ஒருவன் எழுதினான். மூடியைத் திறக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிட்டான். டீச்சர் மூடிய பாட்டிலின் தலையிலேயே ஒரு வாளித் தண்ணீரையும் ஊற்றினார். மேசை நனைந்தது, வருகைப் பதிவேடு நனைந்தது, முன் பெஞ்சு முழுவதும் நனைந்தது. பையன் திருத்தி எழுதியதில் வரிக்கு வரி மூடி வந்தது. இன்னொருத்தி தன் வீட்டுக்கு வழி எழுதியிருந்தாள். அதை வைத்துக்கொண்டு சனிக்கிழமை கிளம்பிய டீச்சர் ஒரு சிமெண்ட் கிடங்கில் போய் நின்றார். திங்கட்கிழமை வந்து, “ஒண்ணு கட்டுரையை மாத்து, இல்லன்னா உங்கப்பாவை வீட்டை மாத்தச் சொல்லு” என்றார்.

இந்தக் கிறுக்கு சும்மா வந்ததில்லை. வேலை கிடைப்பதற்கு முன்னால் அவர் ஒரு மிக்ஸி கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றவர். நன்றாக இருக்கும் மிக்ஸியை ஓடவில்லை என்று ஆட்கள் திருப்பிக் கொண்டுவருவார்களாம். மிக்ஸியில் ஒரு கோளாறும் இருக்காது, எப்படி ஓட்டுவது என்று கூட வந்த காகிதத்தில்தான் இருக்கும். அதை எழுதியவனை ஒருநாள் நேரில் பார்த்து நாலு அறை விட வேண்டும் என்று இருந்தேன், அதற்குள் வாத்தியார் வேலை கிடைத்துவிட்டது என்பார்.

நான் அடுத்த அறையில் ஆறாம் வகுப்புக்குப் புதிதாகச் சேர்ந்தவன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். பட்டத்தைக் கண்ணாடி போட்டு மாட்டி, வீட்டுக்கு சிலிண்டர் போட வருகிறவரைக்கூட என் அம்மா நிறுத்தி வைத்துக் காட்டுவாள். அப்பேர்ப்பட்டவன் எழுதிய முதல் விடுப்புக் கடிதத்தை டீச்சர் எட்டிப் பார்த்தார்.

“தவிர்க்க இயலாத காரணம்னா என்ன தம்பி?”

வயிற்றுப்போக்கு என்றேன்.

“அதை எழுதினா ஹெட்மாஸ்டர் உடனே லீவு குடுத்துருவாரே. இதைப் படிச்சா உன்னைக் கூப்பிட்டு உக்கார வச்சுக் கேப்பாரு. உன்னால உக்கார முடியுமா?”

முடியாதுதான். மாற்றி எழுதினேன்.

தலைமை ஆசிரியருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. எட்டாம் வகுப்பில் நோட்ஸ் சார் என்று ஒருவர் இருந்தார். எல்லாக் கட்டுரையையும் அவரே சொல்லி எழுதவைத்து மனப்பாடம் செய்ய விடுவார். அவர் வகுப்பில் எல்லோர் வீட்டிலும் ஒரே நாய். ஒரே நிறம், ஒரே திருடனைப் பிடித்தது, ஒரே நாளில் செத்தது. மதிப்பெண்ணும் ஒரே மாதிரி வந்தது. பெற்றோர் வந்து, பக்கத்து வீட்டுப் பிள்ளை பக்கம் பக்கமாக ஒப்பிக்கிறான், எங்கள் பிள்ளை பாட்டிலைப் பற்றி எழுதுகிறான் என்று புலம்பினார்கள். கல்வி அதிகாரி ஆய்வுக்கு வரும்போது ஏழாம் வகுப்பு சொதப்பினால் அந்த வகுப்பும் நோட்ஸ் சாருக்கு, டீச்சருக்கு நூலகப் பொறுப்பு என்று தலைமை ஆசிரியர் முடிவாகச் சொல்லிவிட்டார். எங்கள் நூலகம் என்பது சாவி தொலைந்துபோன ஒரு பீரோ.

அன்று மத்தியானம் டீச்சர் டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை. “பீரோவுக்கு நான் எதைச் சொல்லிக்குடுக்க?” என்று மட்டும் ஒரு தடவை கேட்டார்.

ஆய்வு நாளும் வந்தது. அதிகாரியை மகிழ்விக்க விடிகாலையில் ஆசிரியர் கழிப்பறைக்குப் பச்சை பெயிண்ட் அடித்தார்கள். கதவைச் சாத்தி வைத்துவிட்டு அடித்தார்கள். அது நிலையோடு ஒட்டிக்கொண்டது. அதிகாரி வந்ததும் இளநீர், அப்புறம் டீ, அப்புறம் எலுமிச்சை ஜூஸ் என்று அவரைக் குளிப்பாட்டாத குறை.

‘நம் பள்ளி’ என்று ஏழு, எட்டு இரண்டு வகுப்புக்கும் தலைப்பு கொடுத்தார் அதிகாரி. எட்டாம் வகுப்பு முழுவதும் வண்ண மலர்கள் குலுங்கும் சோலைக்கு நடுவே பள்ளியைக் கட்டி முடித்தது. எங்கள் வளாகத்தில் இருப்பது ஒரு குழாயும் உடைந்த பெஞ்சுகளும். ஏழாம் வகுப்பு என்ன எழுதுவது என்று டீச்சரைப் பார்த்தது. முதல் தடவை வருகிறவருக்கு இங்கே என்ன தெரிந்திருக்க வேண்டுமோ அதை எழுதுங்கள் என்றார்.

அதிகாரி அங்கேயே உட்கார்ந்து படித்தார். சலவைக்கடைக்காரர் மகளின் தாள் வந்தபோது தோளுக்கு மேலாக எட்டிப் படித்த தலைமை ஆசிரியரின் முகம் வெளிறியது. அவள் எழுதியிருந்தது இது:

‘மாணவர் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. உள்ளே போகிறவர் சத்தமாகப் பாட வேண்டும். பாட்டு நின்றால் ஆள் இல்லை என்று அர்த்தம். அடுத்தவர் கதவைத் திறக்கலாம்.’

அதிகாரி அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நெளிந்தார். பிறகு மெல்ல எழுந்து, ஆசிரியர் கழிப்பறை எங்கே என்று கேட்டார். நோட்ஸ் சாரும் வாட்ச்மேனும் அந்தப் பச்சைக் கதவைச் சேர்ந்து தள்ளிப் பார்த்தார்கள். உள்ளங்கை பச்சையானதுதான் மிச்சம்.

மாணவர் கழிப்பறையிலிருந்து சற்று நேரத்தில் பாட்டு கேட்டது. பழைய காதல் பாட்டு. சுதி எங்கோ போனது, ஆனால் சத்தத்துக்குக் குறைவில்லை. முதல் வரிக்கு மேல் தெரியவில்லை போலும், அதையே திரும்பத் திரும்பப் பாடினார். வராந்தாவில் நாங்கள் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வரிசையில் நின்ற இரண்டு பையன்கள் மட்டும், பாட்டு எப்போது நிற்கும் என்று கதவில் கை வைத்துக் காத்திருந்தார்கள்.

கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டே வந்த அதிகாரி, இதை எழுதியது யார் என்றார். அவள் எழுந்து நின்றாள். டீச்சரும் எழுந்து நின்றார்.

“ஊர் ஊரா எத்தனையோ கட்டுரை படிச்சிருக்கேன்மா. எனக்கு உபயோகப்பட்டது இது ஒண்ணுதான்” என்றார் அதிகாரி. “ஆனா பாட்டு மறந்துபோச்சுன்னா என்ன பண்றதுன்னு நீ எழுதல.”

டீச்சர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். “குறைதான் சார். சேத்துருவோம்” என்றார்.

அதன்பிறகு நூலகப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. மலர்ச் சோலை எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லி நோட்ஸ் சாரை அதிகாரி வளாகம் முழுக்க நடக்க வைத்தார்.

மறுநாளே தலைமை ஆசிரியர் தச்சருக்குத் தன் கையால் உத்தரவு எழுதினார். மாணவர் நலன் கருதி, போர்க்கால அடிப்படையில், மேற்படி கதவுக்குத் தாழ்ப்பாள் பொருத்தவும் என்று. தச்சர் சொன்னதைச் செய்கிற மனிதர். பொருத்திவிட்டுப் போனார். கதவின் வெளிப்பக்கத்தில்.

சாயங்காலம் தலைமை ஆசிரியர் ஏழாம் வகுப்பு வாசலில் வந்து நின்றார். கையில் இன்னொரு காகிதம்.

“டீச்சர், இதை அனுப்புறதுக்கு முன்னாடி உங்க பிள்ளைங்களை ஒரு தடவை படிச்சுப் பாக்கச் சொல்லுங்களேன்.”

டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கையை நீட்டினார்.

“குடுங்க சார். செஞ்சு பாக்குறோம்.”