நான் போட்ட முடிச்சு

என் அக்காளின் கணவர் லாரி ஓட்டினார். தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்பி வர இருபது நாளாகும். எண்பதுகளின் பின்பாதியில் ஒருமுறை இமயமலை அடிவாரம் வரை போய்விட்டு வந்தவர், வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே நான் வேலை பார்த்த பஞ்சர் கடைக்கு வந்து நின்றார். அருப்புக்கோட்டையில் மதுரை ரோட்டோரம் இருந்த தகரக் கொட்டகை அது.

"ஏலே மாப்ளே, காத்தடைச்ச பலகையில ஆத்துல போறானுகடா" என்றார்.

பாறைகளுக்கு நடுவே நுரைத்துக்கொண்டு ஓடும் கங்கையில் வெள்ளைக்காரர்கள் சிலர் ரப்பர் பலகையில் குப்புறப் படுத்துப் போனதைப் பார்த்திருக்கிறார். பம்பு அடித்தால் அது கதவு மாதிரி விறைத்துக்கொள்ளுமாம். காற்றை இறக்கினால் பாயைப் போலச் சுருட்டித் தோளில் போட்டுக்கொள்ளலாமாம். தலைக்கு ஹெல்மெட், நெஞ்சுக்கு மிதவைச் சட்டை. லாரியை ஓரங்கட்டிவிட்டு ஒரு பகல் முழுக்கக் கரையில் நின்றிருக்கிறார். அதில் ஒருவன் இவரைக் கூப்பிட்டுக் கரையோரத் தண்ணீரில் படுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறான். இதைச் சொல்லும்போது மச்சான் எங்கள் கடைத் தரையில், எண்ணெய்க் கறை மேலேயே குப்புறப் படுத்துக் காட்டினார்.

அவருக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. எனக்கு இருபத்திரண்டு. பத்தாவதில் தோற்றவன் என்று சொல்லிக் காட்டாமல் என்னோடு பேசுகிற ஒரே மனிதர் அவர். அதனால் "நாமளே ஒண்ணு செய்வோம்" என்று அவர் சொன்னபோது நான் எதற்கு என்று கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும். எங்களுக்கு இருந்தது குண்டாறு. திருச்சுழிப் பாலத்தில் பஸ் போகும்போது யாரும் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்க மாட்டார்கள். கீழே மணலும், மணலில் ஆடுகளும், ஆற்றின் நடுவிலேயே முளைத்து ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்துவிட்ட சீமைக்கருவேலமும்தான் இருக்கும். மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் சில நாள் தண்ணீர் போகும். மற்றபடி அது ஆடு மேய்க்கும் இடம்.

ஆனாலும் டியூப் தேட ஆரம்பித்தோம். கார் டியூபில் படுத்தால் அவர் நெஞ்சு மட்டும் மேலே நின்றது, இடுப்பு முங்கியது. டிராக்டர் பின்சக்கர டியூப் அகலம் அதிகம். ஆள் சொன்ன பக்கம் திரும்பாது என்று ஒதுக்கிவிட்டார். லாரி டியூப்தான் சரி என்று முடிவானது. கடைக்கு வரும் பழைய டியூப்களை ஒவ்வொன்றாகத் தொட்டியில் அமுக்கிப் பார்த்தேன். பேட்ச் அதிகம் போட்டதை எடுக்கவில்லை. வால்வின் அடியில் ரப்பர் வெடித்திருந்ததை எடுக்கவில்லை. பல மாதம் கழித்து ஒரு டியூப் கிடைத்தது. அரைமணி நேரம் தண்ணீருக்குள் அமுக்கி வைத்தும் ஒரு குமிழி வரவில்லை. அதைப் பட்டைத் துணியால் இறுக்கி நீளவாக்கில் கட்டி, முள் குத்தாமல் இருக்க அடியில் தார்ப்பாய் வைத்துத் தைத்தோம். பிடித்துக்கொள்ள முன்னால் இரண்டு கைப்பிடி. ஹெல்மெட் யாரோ மோட்டார் சைக்கிள்காரர் வேண்டாமென்று கழித்தது.

மிதவைச் சட்டையை அக்காள் தைத்தாள். அவள் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறவள். தெர்மோகோல் துண்டுகளைக் காக்கித் துணிக்குள் வரிசையாக வைத்து மெஷினில் ஓட்டினாள்.

"ஆத்துலதான் பொட்டுத் தண்ணியில்லயே, இதப் போட்டுக்கிட்டு எங்க போகப் போறீக?" என்று கேட்டாள்.

"வரும்" என்றார் மச்சான்.

அவர்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. அவள் மெஷினை மிதித்தாள்.

பரளச்சிப் பக்கம் தெரிந்தவர் தோட்டத்துக் கிணற்றில் பலகையை இறக்கிப் பார்த்தோம். நன்றாக மிதந்தது. ஆனால் அவர் புரண்டு விழுந்ததும் பலகை எதிர்ச் சுவருக்கு ஓடிவிட்டது. அப்போதுதான் ஆளையும் பலகையையும் கயிற்றால் கட்ட வேண்டும் என்று பேச்சு வந்தது.

"அங்கயும் கட்டியிருந்தானுக மாப்ளே. ஆனா அது ஒரு தினுசு. இடுப்புல ஒரு குமிழு தொங்கும். அதப் பிடிச்சு ஒரு இழுப்பு இழுத்தா கயிறு தனியாக் கழண்டுக்கிடும். அத ரெண்டு தரம் எனக்குச் செஞ்சு காட்டுனான்."

"கழண்டா பலகை போயிரும் மச்சான். பலகை போனா நீங்களும் போயிருவீக."

அவர் ஒரு முடிச்சு போட்டார். நுனியை இழுத்தால் அவிழும் முடிச்சு. கிணற்றுக்குள் அது இரண்டு தடவை தானாகவே அவிழ்ந்துவிட்டது. மூன்றாவது தடவை கயிற்றை அவர் கையிலிருந்து நான் வாங்கினேன். நைலான் கயிறு. அவர் இடுப்பைச் சுற்றி இரட்டை முடிச்சுப் போட்டு இறுக்கி, நுனியைத் தீக்குச்சியால் உருக்கி ஒட்டினேன். அவர் கிணற்றில் குதித்து எவ்வளவு புரண்டும் அது அசையவில்லை. மேலே ஏறி வந்து அதை அவிழ்க்கத் திணறிக் கடைசியில் அரிவாளால் அறுத்தோம்.

"இது சரிதான். ஆனா இடுப்புல ஒரு கத்தி இருக்கணும்டா" என்றார்.

உறை வைத்த சின்னக் கத்தி ஒன்று செய்து தருகிறேன் என்றேன். செய்யவில்லை. அதற்குப் பிறகு மூன்று வருஷம் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. பலகை கடையின் மூலையில் காற்று இறங்கிக் கிடந்தது. கத்தியை நானும் மறந்தேன், அவரும் மறந்தார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. மேற்கே கண்மாய்கள் நிரம்பி மறுகால் பாய்வதாகவும், காரியாபட்டிப் பக்கம் ஒரு கண்மாய் உடைந்துவிட்டதாகவும் பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். காலையில் மச்சான் கடைக்கு வந்தார். அன்றைக்கு ஓட்ட வேண்டிய லோடுக்கு வேறு டிரைவரை ஏற்றிவிட்டு வந்திருந்தார். முகம் சரியாக இல்லை. நான் கேட்கவில்லை. டியூபுக்குக் காற்று அடித்தேன். பலகை விறைப்பாக நின்றது.

திருச்சுழியில் பாலத்தின் மேல் ஜனம் கூடி நின்றது. பெண்கள் தண்ணீரில் மஞ்சளும் பூவும் போட்டார்கள். நாங்கள் பாலத்துக்கு வெகுதூரம் மேலே, ஆள் இல்லாத இடத்தில் இறங்கினோம். ஆறு கரைக்குக் கரை செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. ஓரிடத்தில் பழைய தரைப்பாலத்தின் மேல் ஏறி மறுபக்கம் விழுந்து வெள்ளையாக நுரைத்தது. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை.

சட்டையை மாட்டி, ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கி நின்றார். நான் கயிற்றை இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டேன். அதே இரட்டை முடிச்சு. நுனியை உருக்க மழையில் தீக்குச்சி பற்றவில்லை. அதற்குப் பதிலாக இன்னொரு முடிச்சுப் போட்டேன்.

முதல் தடவை அவர் போனது எனக்கு இன்றைக்கும் கண்ணில் இருக்கிறது. தண்ணீர் அவரைத் தூக்கிக்கொண்டு போனது. நுரைக்குள் தலைகுப்புற இறங்கி மறைந்தவர், அந்தப் பக்கம் மேலே வந்தார். கீழே வளைவில் கரையேறி, பலகையைத் தூக்கிக்கொண்டு கரையோரமாக நடந்து வந்தார். "இதுக்குத்தான்டா" என்று மட்டும் சொன்னார். பிறகு "நீ போறியா?" என்று கேட்டார். எனக்குப் பயம். இல்லை என்று தலையை ஆட்டினேன். கயிற்றை அவிழ்க்க முடியாது என்பதால் அப்படியே திரும்ப இறங்கினார்.

இரண்டாவது தடவைக்குள் தண்ணீர் ஏறியிருந்தது. தரைப்பாலத்தைத் தாண்டியதும் வெள்ளம் அவரை நடு ஆற்றுக்குத் தள்ளியது. அங்கே கருவேல மரங்கள் கழுத்தளவு முங்கி, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றன. பலகை ஒரு மரத்தின் இந்தப் பக்கம் போனது. அவர் அந்தப் பக்கம் போனார். கயிறு மரத்தில் மாட்டி இரண்டையும் நிறுத்தியது. தண்ணீர் அவர் முதுகில் ஏறி அமுக்கியது. ஒரு கை இடுப்பைத் தேடுவதைப் பார்த்தேன். ஹெல்மெட் மேலே வந்தது, போனது. பிறகு வரவில்லை.

நான் கழுத்துத் தண்ணீர் வரை இறங்கினேன், கால் நிற்கவில்லை. கத்திக்கொண்டே பாலத்துக்கு ஓடினேன். ஆட்கள் வடக்கயிறு கட்டி அவரிடம் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒருவர் அரிவாளால் கயிற்றை அறுத்தார். பலகையையும் அவரோடு கரைக்குக் கொண்டுவந்து போட்டார்கள். அதில் காற்று கொஞ்சமும் குறையவில்லை.

அக்காள் வந்து அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அழவில்லை. வெகுநேரம் அவர் இடுப்பில் மீந்து கிடந்த கயிற்றையே பார்த்தாள். நகத்தால் அதை அவிழ்க்கப் பார்த்தாள். முடியவில்லை.

"இந்த முடிச்சு யாரு போட்டது?" என்று கேட்டாள்.

அங்கே ஏட்டு நின்றுகொண்டிருந்தார். மச்சானுடைய அண்ணன்மார் நின்றுகொண்டிருந்தார்கள்.

"அவுகளே போட்டுக்கிட்டாக" என்றேன்.

அக்காள் என்னைப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பால் அவர் முகத்திலிருந்த மண்ணைத் துடைத்தாள்.

ஒரு வாரத்தில் ஆறு வற்றிவிட்டது. நான் பஞ்சர் கடையை விட்டுவிட்டு விருதுநகரில் ஒரு குடோனில் வேலைக்குச் சேர்ந்தேன். அக்காள் காரியாபட்டியில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துத் தனியாக இருந்து தைத்துப் பிழைத்தாள். மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன். அவரைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. அவள் மெலிந்துகொண்டே வந்தாள். ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டாள் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். துக்கம்தானே என்று நினைத்தேன்.

ஆறேழு வருஷம் கழித்து ஒரு நாள் பகலில், ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டே, நிமிராமல் அவளாகச் சொன்னாள்.

"முதல் நாள் எங்களுக்குச் சண்டைடா. பிள்ளைக்காக ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு கூப்பிட்டேன். மழை வருது, ஆறு வரும்னு சொன்னாக. எனக்கு ஆத்தாமையா வந்துருச்சு. அந்த ஆத்தோடயே போயிருங்க, இங்க வராதீகன்னு சொல்லிட்டேன். அதான் அப்படி இறுக்கிக் கட்டிக்கிட்டுப் போயிட்டாக. திரும்பி வர நெனச்சவுக அவுக்க முடியாமக் கட்டுவாகளா?"

இத்தனை வருஷமும் என் ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் இப்படி ஒரு கதையைக் கட்டி, அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறாள். நான் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கிணற்றில் நடந்ததைச் சொன்னேன், கத்தி கேட்டதைச் சொன்னேன். "நான்தான் கட்டுனேன்கா. அவுக முதல்ல அவுக்குற மாதிரிதான் கட்டுனாக. பயத்துல அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன்" என்றேன். அவள் காலைப் பிடித்தேன்.

அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு என் தலையைத் தடவினாள்.

"எம்மனசு ஆறணும்னு சொல்ற. சின்னதுலருந்தே நீ அப்படித்தான்" என்றாள்.

"சத்தியமாக்கா."

"சத்தியம் பண்ணாத. எனக்காக நீ இன்னொரு பாவத்தச் சுமக்க வேணாம்."

இன்னும் நான்கைந்து முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அவளுக்கு என்மேல் பாசம் கூடுகிறது, நம்பிக்கை குறைகிறது. கடைசியாகப் போன ராத்திரி, பேச்சை எடுக்கும் முன்பே, "அத விடுறா, சாப்பிட வா" என்று சொல்லிவிட்டு எனக்கு மட்டும் தட்டு வைத்தாள். நான் சாப்பிட்டேன். அவள் எதிரே உட்கார்ந்து, நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.