டிவிக்கு எழுதிப்போட்ட வருஷம்

வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பதை ஈயோட்டுவது என்பார்கள். எனக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. அந்தக் குளிரில் ஈ ஏது? ஏற்காட்டைத் தாண்டி மஞ்சக்குட்டைப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே இரண்டே அலமாரியோடு ஒரு கிளை நூலகம். நான்தான் நூலகர், நான்தான் கூட்டுகிறவள், அநேக நாள் நான்தான் வாசகர். எண்பதுகளின் பிற்பாதி அது. முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகாதவளை எங்கே போட்டால் என்ன என்று நினைத்தார்களோ என்னவோ, சேலத்திலிருந்து தூக்கி மலைமேல் போட்டுவிட்டார்கள்.

ஊர்க்காரர்களைக் குறை சொல்ல முடியாது. சாயங்காலம் எஸ்டேட்டிலிருந்தும் காட்டிலிருந்தும் திரும்புகிறவர்கள் என் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒவ்வொருவராக நின்று, "ஏனுங்க டீச்சரு, நல்லா இருக்கறீங்ளா?" என்று கேட்பார்கள். நான் டீச்சர் இல்லை என்று சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டேன். "உள்ள வாங்களேன்" என்றால், "அய்யோ, காலெல்லாம் சேறுங்க" என்று பதறி நகர்ந்துவிடுவார்கள். அந்தச் சிமெண்ட் தரை அவர்களுக்குக் கோயில் மாதிரி. சேறானால் என்ன, நான்தானே கழுவப் போகிறேன் என்று கத்தவேண்டும் போல இருக்கும். மரியாதை கொடுத்தே மனுஷியைத் தனியாக விட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சுற்றறிக்கை வந்தது. பள்ளிக்கூடங்களுக்கும் நூலகங்களுக்கும் அரசாங்கமே கலர் டிவியும் டேப்ரெக்கார்டரும் கொடுக்கப் போகிறது, வேண்டுமென்றால் எழுதிப்போடலாம் என்று. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு டிவி பார்க்கும் ஆசையெல்லாம் இல்லை. டிவி வந்தால் சேற்றுக்காலோடாவது நாலு பேர் உள்ளே வந்து உட்காருவார்கள். பக்கத்தில் ஒரு ஆள் இருமுகிற சத்தமாவது கேட்கும். அதற்குத்தான் எழுதிப்போட்டேன்.

எழுதிப்போடுவது என்றால் சும்மாவா? கரண்டு இருக்கிறதென்று மின்வாரியத்தில் ஒரு சான்று, ஜன்னலுக்குக் கம்பி இருக்கிறதென்று ஒரு சான்று, கட்டடம் ஒழுகவில்லையென்று ஒரு சான்று. கட்டடம் ஒழுகியது. பாயிடம் தார்ப்பாய் வாங்கிப் போட்டு ஒழுகாமல் செய்தேன். பாய் என்றால் எதிர்க்கடைக்காரர். சேலத்துப் பக்கமிருந்து வந்து தங்கிவிட்ட முஸ்லிம் குடும்பம். ஊரிலேயே பெரிய மளிகைக்கடை அவருடையதுதான், சின்ன மளிகைக்கடையும் அவருடையதுதான். ஒவ்வொரு தாளுக்கும் வளைவு வளைவாகச் சேலத்துக்கு இறங்கி, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு திரும்ப ஏறி வருவேன். ஆபீஸில் ஒரு கிளார்க், "அந்த மலையில டிவி தெரியுமாம்மா? மேகந்தானே தெரியும்?" என்று கேட்டு அவரே சிரித்துக்கொண்டார். எஸ்டேட் பங்களாவில் தெரிகிறதே, எங்களுக்கு மட்டும் தெரியாதா என்று கேட்டேன். முத்திரையைக் குத்தித் தாளை என் பக்கம் தள்ளினார்.

மழைக்காலம் முடிந்து, அதிகாரி நேரில் பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்தது. அவர் பார்த்து எழுதுவதுதான் முடிவு. பாயிடம் போய்ப் புலம்பினேன்.

"அவரு என்னத்தைங்க பாப்பாரு?" என்றார் பாய்.

"ஊர்ல யாராச்சும் படிக்கறாங்களான்னு பாப்பாரு. வேற என்ன?"

பாய் யோசித்தார். "இத்தனைதானுங்களா? நீங்க நிம்மதியாப் போங்க டீச்சரம்மா. நான் பாத்துக்கறேன்."

என்ன பார்த்துக்கொள்ளப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. யாரோ ஒருவர் எனக்காகப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதே போதுமாக இருந்தது.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் நான் கதவைத் திறந்ததும் பார்க்கிறேன், வாசலில் கூட்டம்! எல்லாரும் கால் கழுவிவிட்டு வந்திருக்கிறார்கள். சில பெண்கள் தலைக்குக் குளித்துப் பூ வைத்திருந்தார்கள். ஆளுக்கொரு புத்தகம் வேண்டும் என்றார்கள். என்ன புத்தகம் என்றால், "நீங்களே ஒண்ணு நல்லதாப் பாத்துக் குடுங்க" என்றார்கள். எழுத்துத் தெரியாத கிழவர் ஒருவர் கனமான புத்தகமாகக் கேட்டு வாங்கிக்கொண்டு, குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் ஏந்திப் போனார். கர்ப்பிணிப் பெண் ஒருத்தி அட்டையில் குழந்தைப் படம் போட்ட புத்தகத்தைத் தேடி எடுத்தாள். சமையல், சோதிடம், கோழி வளர்ப்பு, வரலாறு, எல்லாம் போயிற்று. எழுதி எழுதிக் கை வலித்தது. வாயெல்லாம் பல்லாக இருந்தேன். "ஊட்டுக்கு ஒருக்கா வாங்க டீச்சரு" என்று எத்தனை பேர் சொன்னார்கள்! அலமாரிகள் காலியாவது கண்ணுக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. தெரிந்தால் என்ன? புத்தகம் அலமாரியில் இருக்கவா அச்சடிக்கிறார்கள்? இன்றைக்கும் அது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். உள்ளே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஒரு தட்டில் கூடப் புத்தகம் இல்லை. பழைய வாரப் பத்திரிகைகள் கொஞ்சம், அவ்வளவுதான்.

"புக்ஸ் எங்கம்மா?"

"ஜனங்க எடுத்துட்டுப் போயிருக்காங்க சார்."

"எப்போ?"

"நேத்து."

"எல்லாத்தையுமா? ஒரே நாள்லயா?" என்று என் முகத்தைப் பார்த்தார். "சரி, அந்த ஜனங்க எங்க?"

ஜனங்களும் இல்லை. பெரிய அதிகாரி வந்து போகிற இடத்தில் குறுக்கே நிற்கக் கூடாதென்று, அதே பாழாய்ப்போன மரியாதை, ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தது. பிள்ளைகளைக் கூட வெளியே விடவில்லை. ரோட்டில் ஒரு நாய் இல்லை.

பாய் மட்டும் டீ எடுத்துக்கொண்டு வந்தார். முகமெல்லாம் பெருமை. காலி அலமாரியைக் கை நீட்டிக் காட்டி, "பாத்தீங்களா சார்? ஒண்ணு பாக்கி இல்லீங்க! சரக்கு தட்டுலயே கெடந்தா யாவாரம் படுத்துருச்சுன்னு அர்த்தம். தட்டு காலியானாத்தானுங்களே கம்பெனிக்காரன் நம்பி அடுத்த லோடு எறக்குவான்?" என்றார்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அதிகாரி டீயைக் குடித்தார். ஜீப்பில் ஏறும்போது, "புத்தகமே இல்லாத லைப்ரரிக்கு டிவி எதுக்கும்மா?" என்றார். நான் பதிவேட்டை நீட்டி எவ்வளவோ சொன்னேன். வீடு வீடாகக் கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்றேன். அவருக்கு மலை இறங்க நேரமாகிவிட்டதாம்.

தகுதியில்லை என்று பதில் வந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்களால்தான் போயிற்று என்று அந்தப் பாயின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவர்கள், துணியில் சுற்றி வைத்திருந்ததைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, "டிவி எப்பங்க வரும்?" என்றார்கள். "வந்துரும், வந்துரும்" என்றேன். கொஞ்ச காலம் அதைக் கேட்பதற்காகவே யாராவது வந்தார்கள். வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து மிளகு விலை, மாப்பிள்ளை சண்டை என்று பேசிவிட்டுப் போனார்கள். டிவி வராமலேயே டிவி கொடுக்க வேண்டியதை அந்தப் பொய் எனக்குக் கொடுத்தது. அது போதும், இப்படியே இருக்கட்டும் என்றுகூட நினைத்தேன்.

இருக்கவில்லை. அரசாங்கத்துக்குக் காத்திருந்து அலுத்துப்போய், பாயே சேலத்திலிருந்து ஒரு கறுப்பு வெள்ளை டிவி வாங்கிக் கடையில் வைத்துவிட்டார். "டீச்சரம்மா பட்ட பாட்டுக்கு நம்மூர்ல ஒரு டிவியாச்சும் ஓடோணுமில்லீங்க?" என்று என்னிடமே சொன்னார். எனக்குச் சந்தோஷப்படத்தான் தோன்றியது. ஆனால் அந்த வாரத்தோடு என் பெஞ்ச் காலி.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் போடுவான். அது நூலகம் திறந்திருக்கிற நேரம். எதிர்க்கடையில் ஊர் மொத்தமும் சிரிப்பது கேட்கும். பனியில் ஆள் தெரியாது, சிரிப்பு மட்டும் வரும். பாய் சொல்லியனுப்புவார்: "டீச்சரம்மாவுக்குச் சேர் போட்டிருக்குது, வரச்சொல்லு." பூட்டிவிட்டுப் போயிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் நான் பூட்டிவிட்டுப் போன நேரம் பார்த்து யாராவது ஒருவர் வந்து, பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டால்? அந்த ஒருவருக்காக உட்கார்ந்தே இருப்பேன். யாரும் வந்ததில்லை.

மூடும் நேரத்துக்கு மூடிவிட்டு ரோட்டைத் தாண்டுவேன். படம் முடிந்து ஜனங்கள் எதிரே வருவார்கள். "என்னங்க டீச்சரு, இன்னைக்கும் லேட்டுங்களா? நொம்ப நல்ல படமுங்க" என்று சொல்லிக்கொண்டே விலகி வழிவிடுவார்கள். கடைக்குள் எல்லாரும் தரையில் உட்கார்ந்து எழுந்த சாக்குகள் கிடக்கும். முன்னால் நட்டநடுவில் ஒரே ஒரு நாற்காலி இருக்கும். அத்தனை கூட்டத்திலும் அதில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். பாய் சாக்குகளை மடித்துக்கொண்டே, "உக்காருங்க டீச்சரம்மா, ஒரு டீ குடிச்சிட்டுப் போவீங்க" என்பார். அணைத்து வைத்த டிவிக்கு எதிரே அந்த நாற்காலியில் உட்கார்ந்து டீயைக் குடித்துவிட்டு, என் அறைக்குப் போவேன்.