அழுத சீனுக்கு முட்டை மார்க்

ஒரு படம் நல்ல படமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை எங்கள் குடும்பத்தில் பெரியப்பாவுக்குத்தான் இருந்தது. யார் கொடுத்தார்கள் என்று கேட்கக் கூடாது. அவருக்குத் தூத்துக்குடியில் பெரிய மொத்தக் கடை, அவருடைய தம்பியான என் அப்பாவுக்கு அதே ஊரில் சின்னப் பலசரக்குக் கடை. அந்த ஒரு காரணமே போதும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

ஊரடங்கு வந்து தியேட்டரைப் பூட்டியதும் முதல் வாரம் மனிதர் தவித்துப் போனார். வெள்ளிக்கிழமை படம் பார்த்து, இடைவேளையில் பப்ஸ் தின்று, வெளியே வந்து நாலு பேரிடம் குறை நிறை சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. இரண்டாம் வாரமே ஒரு வழி கண்டுபிடித்தார். பெரியப்பா வீடு, நாசரேத்தில் இருக்கும் அத்தை வீடு, எங்கள் வீடு, இந்த மூன்று வீடும் வாரம் ஒரு படத்தை வீட்டிலேயே பார்க்க வேண்டும். ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு வீடியோ காலில் கூட வேண்டும். வீட்டுக்கு ஒருவர் பேசி, பத்துக்கு மார்க் போட வேண்டும். நன்றாகப் பேசிய வீடு அடுத்த வாரப் படத்தைத் தேர்ந்தெடுக்கலாம். யார் நன்றாகப் பேசியது என்று அறிவிப்பது யார்? பெரியப்பாதான். போட்டியிலும் அவரே இருப்பார், தீர்ப்பும் அவரே சொல்வார், அதில் அவருக்கு ஒரு கூச்சமும் கிடையாது.

ஒன்பது வாரத்தில் ஏழு வாரம் பெரியப்பா வீடு ஜெயித்தது. இரண்டு வாரம் அத்தை வீடு. நாங்கள் முட்டை. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, எங்களுக்கு ‘முட்டை வீடு’ என்றே பெயர் வைத்துவிட்டான். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்தப் பெயரைக் கேட்டால் உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறும். ஒரே ஒரு தடவை ஜெயிக்க வேண்டும், ஒரு பேய்ப் படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பேயென்றால் நடுங்கும் அந்த அண்ணனை அதைக் கடைசி வரைக்கும் பார்க்க வைக்க வேண்டும். அந்த வயதில் இதைவிடப் பெரிய லட்சியம் எனக்கு இருந்ததில்லை.

எங்கள் வீட்டுக்காகப் பேசுகிற ஆள் நான்தான். அப்பா தன் அண்ணன் முன்னால் வாயைத் திறந்தால் “ஆமாண்ணே” தவிர வேறொன்றும் வராது. அம்மாவை யாரும் கேட்டதே இல்லை. கேட்டாலும் அவள் எந்தப் படத்தையும் முழுசாகப் பார்த்ததில்லை. குக்கர் விசிலுக்கும் தாளிப்புக்கும் நடுவே வாசல்படியில் வந்து நின்று நாலு காட்சி பார்ப்பாள், அடுப்படிக்குத் திரும்பிவிடுவாள். இடையில் செத்துப்போனவன் யார் என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்வாள்.

அம்மாவிடம் ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. முகம் வேர்த்தாலும் சரி, வெங்காயம் உரித்துக் கண் கலங்கினாலும் சரி, கையால் துடைக்கவே மாட்டாள். தோளைத் தூக்கி, முகத்தைச் சாய்த்து, தோள்பட்டைச் சேலையில் ஒரு தேய்ப்பு. கை சும்மாதான் இருக்கும், ஆனாலும் தோள்தான். நான் அதே மாதிரி செய்து காட்டிக் கேலி பண்ணுவேன். “போளா” என்று விரட்டுவாள்.

பத்தாவது வாரம் பெரியப்பா தேர்ந்தெடுத்த படம் எங்கள் பக்கத்து உப்பளத்தில் நடக்கிற கதை. பெயர் இப்போது எதற்கு? உப்பளத்தில் கூலிக்குப் போகும் ஒரு பெண், அவளை விட்டுவிட்டு ஓடிப்போகும் புருஷன், கடைசியில் பாத்தி நடுவே நின்று அவள் அழுகிற ஒரு நீளமான காட்சி. படம் தொடங்கும் முன்பே பெரியப்பா போனில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: “ஏளா, இந்த வாரம் ஒங்க அம்மை வீட்டுப் படம்லா. நல்லாப் பாத்துட்டு வந்து பேசணும்.”

அதற்குக் காரணம் இருந்தது. அம்மாவுக்கு வைப்பார் பக்கம் ஊர். அவளுடைய அப்பாவுக்குச் சொந்தமாக உப்பளம் இருந்தது என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த பெருமை. “எங்க தம்பிக்குப் பொண்ணு எடுத்தது உப்பளக்காரங்க வீட்டுல” என்று கல்யாண வீடுகளில் பெரியப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். நானும் பள்ளிக்கூடத்தில் எங்கள் தாத்தாவுக்கு இத்தனை பாத்தி, அத்தனை பாத்தி என்று வாய்க்கு வந்தபடி அளந்திருக்கிறேன். அந்த அளத்தைக் காட்டு என்று அம்மாவிடம் கேட்டால், அதெல்லாம் தாத்தாவோடு போயிற்று என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவாள்.

அந்தப் படத்தை மட்டும் அம்மா முழுசாகப் பார்த்தாள். தரையில் கால் நீட்டி உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. குக்கர் கத்திக் கத்தி ஓய்ந்து சோறு அடிப்பிடித்துவிட்டது. அப்பா அதற்குக் கோபப்படாமல், படத்தைப் பார்க்காமல், அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தத் தீய்ந்த சோற்றைத் தின்ன வேண்டியிருந்த எரிச்சலைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குச் சபை கூடியது. அத்தை எட்டு மார்க் போட்டாள். அழுது அழுது முந்தானை நனைந்துவிட்டதாம். பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தக் கடைசி அழுகையைப் பற்றியே பேசினார். அந்தப் பெண் உப்பு அள்ளிய கையாலேயே கண்ணைத் துடைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறாளே, அதுதான் நடிப்பு, அதுதான் வாழ்க்கை, பத்துக்குப் பத்து என்றார். அவர் குரலே தழுதழுத்தது. அண்ணன் அவர் தோளுக்குப் பின்னால் நின்று எனக்கு விரலால் முட்டை போட்டுக் காட்டினான்.

என் முறை வந்தது. கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். பாட்டு நன்றாக இருந்தது, வில்லன் மீசை நன்றாக இருந்தது, ஏழு மார்க். எனக்கே வெட்கமாக இருந்தது.

பெரியப்பா சிரித்தார். “என்னளா இது? உப்பளக்காரர் பேத்தி பேசுத பேச்சா? ஒங்க அம்மையக் கூப்பிடு, அவ ஒரு வார்த்த சொல்லட்டும்.”

அப்பா சட்டென்று போனைத் தன் பக்கம் திருப்பினார். “அவளுக்கு அடுப்படில சோலி கெடக்குண்ணே. நெட்டும் சரியில்ல பாத்துக்கிடுங்க.” நெட் நன்றாகத்தான் இருந்தது. ஜெயிக்கக் கிடைத்த ஒரே வழியையும் இவர் அடைக்கிறாரே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் “அம்மா!” என்று கத்தினேன்.

அவள் ஏற்கெனவே வாசல்படியில்தான் நின்றுகொண்டிருந்தாள். வந்து அப்பாவிடம் கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. “வேண்டாம்ளா” என்று மெதுவாகச் சொன்னார். அம்மா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனை வாங்கிக்கொண்டாள்.

“அத்தான், படமெல்லாம் நல்லாத்தான் எடுத்துருக்காவ. ஆனா அந்தப் புள்ள ஒரு நாளும் அளத்துல நின்னதில்ல.”

பெரியப்பாவுக்குச் சுருக்கென்றது. “எப்படிம்மா சொல்லுத? பாதத்துல வெடிப்புகூடக் காட்டுதானே!”

“வெடிப்ப வரஞ்சிரலாம், அத்தான். கையப் பாருங்க. அளத்துல நிக்கவ கையால கண்ணத் தொடவே மாட்டா. கை பூராவும் உப்பு. தொட்டா அன்னைக்குப் பொழுதுக்கும் கண்ணத் தொறக்க முடியாது. வேர்வ வந்தாலும் அழுக வந்தாலும் தோளுலதான். இன்னா, இப்படி.”

தோளைத் தூக்கி, முகத்தைச் சாய்த்துத் துடைத்துக் காட்டினாள். நான் வாயைப் பிளந்தேன். நான் இத்தனை வருஷம் கேலி பண்ணிய அதே தேய்ப்பு!

அதற்கப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. பாட்டில் உப்புப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி ஓடுகிறார்களே, வாரிய உப்பிலிருந்து தண்ணீர் முகத்தில் வடியுமே, வாயைத் திறந்தால் உள்ளே போகுமே, எங்கே சிரிக்க? உச்சி வெயிலில் பாத்தி நடுவே நிற்கிறாளே, அந்த வெளிச்சத்தில் யாருக்குக் கண் தெரியும்? “விடியுமுன்னாலயே எறங்கி, ஒம்பது பத்து மணிக்கெல்லாம் கரையேறிருவோம்” என்றாள்.

பெரியப்பா போனை முகத்துக்கு அருகே கொண்டுவந்தார். பிறகு குரலை இறக்கிக் கேட்டார். “மொதலாளி வீட்டுப் புள்ள நீ. ஒனக்கு எப்படிம்மா இதெல்லாம்?”

“ஏழு வருசம் சுமந்துருக்கேன், அத்தான். கல்யாணத்துக்கு மொத வாரம் வரைக்கும்.”

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கோ ஒரே குஷி. இதில் என்ன அதிசயம்? எங்கள் கடைக்கு அப்பா முதலாளிதான், அவரே அரிசி மூட்டையைத் தூக்குவதில்லையா? அதேபோல அம்மா தன் அப்பாவின் அளத்தில் உப்புச் சுமந்திருப்பாள். இதற்கு ஏன் எல்லோரும் இப்படி விழிக்கிறார்கள் என்று தோன்றியது. நான் அவசரமாக, “அம்மா, மார்க்! மார்க் சொல்லு!” என்றேன்.

“அழுத சீனுக்கு முட்ட” என்றாள் அம்மா. “அந்த உப்பு அம்பாரத்த வெள்ளவெளேர்னு குமிச்சுக் காட்டுனானே, அதுக்கு நாலு.”

முட்டை! பெரியப்பா பத்து போட்ட காட்சிக்கு! அண்ணன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அத்தைதான் முதலில் வாயைத் திறந்தாள். “ஏலே தம்பி, வீட்டுல இப்படி ஒருத்திய வச்சுக்கிட்டா வாராவாரம் இந்தச் சின்னதப் பேச விடுத? என் ஓட்டு இவளுக்குத்தான்.” பெரியப்பாவின் கட்டம் மட்டும் சட்டென்று கறுத்துப் போயிற்று.

தோற்றுவிட்டதால் இணைப்பைத் துண்டித்துவிட்டார் என்று நினைத்தேன். ஐந்து நிமிஷத்தில் அப்பாவின் போன் அடித்தது. அப்பா அதை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். நான் பாதிப் படி வரைக்கும் பின்னாலேயே போய் ஒட்டுக் கேட்டேன். “ஆமாண்ணே… இல்லண்ணே, அவ மேல தப்பில்ல, நாந்தான் சொன்னேன்… பயந்துட்டேண்ணே…” என்று அப்பா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். மார்க்கைக் குறைக்கச் சொல்லி பெரியப்பா மல்லுக்கட்டுகிறார் என்றுதான் நான் புரிந்துகொண்டேன். “விட்டுக் குடுக்காதீங்கப்பா!” என்று படியிலிருந்தே கத்தினேன்.

அப்பா இறங்கி வரும்போது முகமெல்லாம் நனைந்திருந்தது. மாடிக் குழாயில் கழுவியிருப்பார் போல. பதினான்கு வருஷத்து மூட்டையை இறக்கி வைத்தவர் மாதிரி நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார். “பெரியப்பா சொல்லிட்டாரு. ஜெயிச்சது நம்ம வீடுதான்.”

நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். அடுத்த வாரம் பேய்ப் படம்தான் ஓடியது. அண்ணன் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டதைப் பெரியம்மாவே சாட்சி சொன்னாள். அதைவிடப் பெரிய விஷயம், சபை தொடங்கியதும் பெரியப்பா தொண்டையைச் செருமவில்லை. “ஏம்மா, மொதல்ல நீ சொல்லு” என்று அம்மாவிடம் கேட்டார். அன்று முதல் எந்தப் படமானாலும் முதல் பேச்சு அவளுடையது. இப்போதெல்லாம் கல்யாண வீடுகளில் பெரியப்பா பேசுகிற பேச்சே வேறு. “எங்க தம்பி பொஞ்சாதி ஏழு வருசம் உப்புச் சுமந்தவ. அவகிட்டப் பொய் செல்லாது” என்கிறார், பழைய பெருமையைவிட ஒரு படி கூடுதலான பெருமையோடு.

போன வருஷம் கல்லூரி விடுதிக்கு என்னைக் கொண்டுவிட வந்தபோதுதான் அப்பா சொன்னார். தாத்தாவுக்கு அளமும் இல்லை, பாத்தியும் இல்லை. தாத்தாவும் அம்மாவும் இன்னொருவர் அளத்தில் கூலிக்கு நின்றவர்கள். அந்த அளத்துக்கு எதிரே இருந்த ஒரு டீக்கடைக்குப் பிஸ்கட் போடப் போன அப்பா, அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டி வீட்டில் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறார். அதற்காக அம்மா பதினான்கு வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இதொன்றும் தெரியாது. கூச்சல் போட்டு முடித்து அடுப்படிக்கு ஓடினேன். அம்மா தொட்டியருகே நின்று அழுதுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கண்ணைத் துடைத்தாள். தோளில் துடைக்கவில்லை. இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தி, நிதானமாக, படத்தில் அந்தப் பெண் துடைத்த மாதிரியே துடைத்தாள். எனக்குப் பகீரென்றது.

“என்னம்மா, நீயே தப்பாத் தொடைக்க? பெரியப்பா பாத்தா மார்க்கப் பிடுங்கிருவாரு!”

அம்மா சிரித்துவிட்டாள். ஈரமான இரண்டு கைகளையும் என் முன்னால் விரித்துக் காட்டினாள்.

“இப்போ கையில உப்பு இல்லளா” என்றாள்.

அதுதான் தெரிகிறதே என்று நினைத்துக்கொண்டு, நோட்டில் மார்க் எழுத ஓடினேன்.