அறுபத்து நான்காவது சாதனம்

தெஹ்ரானின் மேற்கே, கரஜ் நெடுஞ்சாலையோரம் இருந்த வாகனச் சோதனைக்கூடத்தில் ஃபராங்கிஸ் தொராபி பதினேழு வருடமாக வேலை பார்த்தாள். அவள் பெயரைக் கேட்டாலே கண்டுபிடிப்பாளர்களுக்குப் பயம். பெட்ரோல் குழாயில் கட்டும் காந்தம், டாங்கியில் போடும் மாத்திரை என்று புகையைக் குறைப்பதாகச் சொல்லி வந்த அறுபத்து மூன்று சாதனங்களையும் சோதித்து, ஒன்றுவிடாமல் திருப்பி அனுப்பியவள். அராக்கில் பேருந்து ஓட்டியவரின் ஒற்றை மகள். சேர்ந்த புதிதில் அவளை டீ கொண்டுவரச் சொன்ன ஆண்களெல்லாம் இப்போது அவள் கையெழுத்துக்காகக் காத்து நின்றார்கள்.

நகரத்தின் மேல் புகை கவிழ்ந்து பள்ளிகளை மூடியிருந்த ஒரு ஜனவரிக் காலையில் பஹதூர் சஃபாரி வந்தார். கடைசல் பட்டறைக்காரர். தன் பழைய பெய்கான் காரின் புகைக்குழாய் வாயில் மாட்டுவதற்கு முழங்கை நீளத்தில் ஓர் எஃகு உருளை செய்திருந்தார். உள்ளே அடுக்கடுக்காகக் கம்பிவலை. பின்சீட்டில் அவர் மனைவி எஸ்மத், மடியில் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தாள்.

"இன்ஜினியரம்மா, இவளுக்காகத்தான் செஞ்சேன். ஊர்ல புகை கவிஞ்சா இவளுக்கு மூச்சு வாங்குது."

"அட, நம்பாதீங்கம்மா!" எஸ்மத் கண்ணாடியை இறக்கினாள். "மூணு வருஷமா இவரு இரும்ப ராவுன சத்தத்துலதான் எனக்கு மூச்சே வாங்குது."

சோதனையின்போது காருக்குள் யாரும் இருக்கக்கூடாது என்பது விதி. ஆனால் குளிர் எலும்பைக் குடைந்தது. "பத்து நிமிஷந்தான். நீங்க உள்ளயே இருங்க கானூம், கண்ணாடிய ஏத்திக்குங்க" என்றாள் ஃபராங்கிஸ், எஸ்மத்தை மரியாதையாக அழைத்து. விதியை அவள் மீறியது அதுதான் முதல் தடவை.

முதலில் உருளையைக் கழற்றிவிட்டு அளந்தார்கள். கார்பன் மோனாக்சைடு ஐந்து சதவீதம்; கிழட்டுக் கார் வேறென்ன காட்டும்? பிறகு உருளையை மாட்டி, அளவுக்குழாயை அதன் வாயில் செருகினாள். எண் மளமளவென்று இறங்கியது. மூன்று. ஒன்றரை. கடைசியில் அரை சதவீதத்தில் வந்து நின்றது.

ஃபராங்கிஸ் கருவியைத் தட்டிப் பார்த்தாள். அணைத்து, மறுபடி போட்டாள். அதே அரை.

"என்னம்மா, பாஸா?" பஹதூர் திரையை எட்டிப் பார்த்தார்.

"இருங்க அண்ணே, இருங்க. எனக்கே நம்ப முடியல."

திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற எண்களை எப்போதும் முதலிலேயே பார்த்துவிடுகிறவள் அன்று கடைசியாகத்தான் பார்த்தாள். ஆக்சிஜன் பதினெட்டு. வெளிக்காற்றிலேயே இருபத்தொன்றுதான். என்ஜினில் எரிந்து வரும் புகையில் இவ்வளவு ஆக்சிஜன் எப்படி இருக்கும்? கருவி உறிஞ்சுவது புகையை அல்ல, வெறும் காற்றை. குழாய் வாயில் கையை வைத்தாள். ஊதியும் ஊதாததுமாக ஏதோ வந்தது. கம்பிவலை கரியில் அடைத்துப்போயிருந்தது.

என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் புகை எங்கே போகிறது?

குனிந்தாள். காரின் அடியில், புகைக்குழாயின் முன்பக்க இணைப்பிலிருந்து புகை கசியும் புஸ்ஸென்ற சத்தம். அதற்கு நேர் மேலே துருப்பிடித்து ஓட்டையான தரைத்தகடு.

"எஸ்மத் கானூம்!"

ஃபிளாஸ்க் கீழே உருண்டு கிடந்தது. தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது.

கதவைப் பிய்க்காத குறையாகத் திறந்து, இருவருமாக வெளியே இழுத்துப் போட்டார்கள். பஹதூர் மனைவியின் கன்னத்தைத் தட்டித் தட்டி, "ஏய், ஏதாவது திட்டுடி, என்னைத் திட்டு" என்று கதறினார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எஸ்மத் ஒருமுறை வாந்தியெடுத்தாள். உயிர் இருக்கிறது என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்தது.

மருத்துவமனையில் ஆக்சிஜன் முகமூடியோடு அவள் கண் திறந்த பிறகு, பஹதூர் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தார்.

"இலையுதிர் காலத்துலேர்ந்தே தலைவலின்னு சொன்னா. ஊர்ப் புகைன்னு நெனச்சேன். இத மாட்டுனது அப்பதான்..." சட்டென்று நிமிர்ந்தார். "அம்மா, இன்னும் பதினோரு டாக்ஸில மாட்டிக் குடுத்திருக்கேன்."

ஃபராங்கிஸ் அவர் தோளைப் பிடித்துத் தூக்கினாள். "எந்திரிங்க. இப்பவே."

எஸ்மத்தின் தங்கை வந்து சேர்ந்ததும் இருவரும் ஆசாதி சதுக்கத்து டாக்ஸி நிறுத்தத்துக்கு ஓடினார்கள். ஓட்டுநர்கள் முதலில் சண்டைக்கு வந்தார்கள்.

"நல்லாதானே இருக்கு? புகையே வரல!"

"வெளிய வரல. உன் மூக்குல வருது" என்றாள் ஃபராங்கிஸ்.

ஒருவன் ஸ்பேனரோடு அப்படியே நின்றான். "சாயந்தரமானா மண்டை பொளக்குது. மாமியா வந்திருக்காளே, அதனாலன்னு நெனச்சேன்." யாரும் சிரிக்கவில்லை, அவனும் சிரிக்கவில்லை.

அன்றே ஒன்பது உருளைகள் கழன்றன. மற்ற இரண்டை மறுநாள் கரஜில் தேடிப் பிடித்தார்கள். யாருக்கும் உயிர்ச்சேதமில்லை.

அறிக்கையின் கடைசியில் ஃபராங்கிஸ் எழுதினாள்: 'காருக்குள் ஆளை உட்காரவைத்துச் சோதித்தது என் தவறு.'

"அந்த வரிய எடுத்துடும்மா, யாரு கேக்கப்போறா?" என்றார் சோதனைக்கூட இயக்குநர்.

அவள் எடுக்கவில்லை. தண்டனையாக அவளை நான்கு மாதம் கோப்பு அறையில் உட்காரவைத்தார்கள். கூடத்துக்குத் திரும்பிய நாளிலிருந்து, எந்தச் சாதனம் வந்தாலும் காரின் உள்ளேயும் ஒரு கார்பன் மோனாக்சைடு அளவுமானியை வைத்த பிறகே என்ஜினை முடுக்கச் சொன்னாள்.