மூலம்தான் என்றார்

தெருவில் யார் இருமினாலும் அவர்களை டாக்டரிடம் அழைத்துப் போகாமல் என் கணவருக்கு இருப்புக்கொள்ளாது. தி.நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தார். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கத் தெரு ஒன்றில் மாடியில் குடியிருந்தோம். கீழே மெத்தை, தலையணை தைத்து விற்கும் கடை. கடைக்கார பாய் ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "வாயு சார், சரியாப் பூடும்" என்று அவர் மறுத்ததைக் காதில் வாங்காமல் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனவர் என் கணவர்தான். எனக்குச் சாதாரண இருமல் வந்ததற்கு எக்ஸ்ரே எடுக்க வைத்தார். அப்படிப்பட்டவர் தன் உடம்பு விஷயத்தில் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் அது ஆரம்பித்தது. காலையில் குளியலறைக்குள் போனால் வெளியே வரவே மாட்டார். நான் கிண்டியில் ஒரு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். கதவைத் தட்டுவேன். வெளியே வருவார், நான் உள்ளே போவதற்குள் மறுபடியும் போக வேண்டும் என்பார். சில வாரம் மலச்சிக்கல், சில வாரம் நேர்மாறு. "ஓட்டல் எண்ணெய்" என்பார். ஓட்டலில் சாப்பிட்டே பல நாளாகியிருக்கும்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேட்டியை ஊற வைக்கும்போது கறையைப் பார்த்தேன்.

"ஏன்னா, இது என்ன ரத்தம்?"

பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பீட்ரூட் சாப்பிட்டேனோல்லியோ."

"பீட்ரூட் பண்ணி ரெண்டு வாரமாறது."

"அப்போ மூலமா இருக்கும். நாள் பூரா நின்னுண்டே பாடம் எடுக்கறவாளுக்கு எல்லாம் வரதுதான். இதைப் போய் பெரிசு பண்ணாதே."

எத்தனை நாளாக என்று கேட்டேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பிப் போனார். வரும்போது கையில் கருணைக்கிழங்கு. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வைத்தியம் நடந்தது. கருணைக்கிழங்கு மசியல், பிரண்டைத் துவையல், சனிக்கிழமை தவறாமல் எண்ணெய்க் குளியல். மருந்துக் கடைக்காரரிடம் விசாரித்து ஒரு களிம்பும் வாங்கிவந்து அலமாரியில் துணிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். செய்து கொடுத்ததெல்லாம் நான்தான். அம்மியில் பிரண்டையை அரைத்து அரைத்துக் கை அரித்தது. அரைக்கும்போதெல்லாம் டாக்டர், டாக்டர் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அவருக்கோ பள்ளிக்கூடத்து நாள்காட்டிதான் எல்லாவற்றுக்கும் சாக்கு. அரையாண்டுத் தேர்வு முடியட்டும். விடைத்தாள் திருத்தி முடிக்கட்டும். மார்கழி வந்ததும், விடியற்காலையில் கோயிலுக்குப் போகிற மாதத்தில் ஆஸ்பத்திரி என்ன வேண்டியிருக்கிறது என்றார். பொங்கல் வந்தது. விடுதியில் தங்கிப் படித்த எங்கள் மகள் வந்திருந்தாள். குழந்தையைப் பயமுறுத்தாதே என்றார். அவள் திரும்பிப் போனதும் பொதுத்தேர்வுக்குப் பையன்களைத் தயார் செய்ய வேண்டும் என்றார்.

கடைசியில் என் நச்சரிப்புத் தாங்காமல் ஒரு மாலை அபிராமபுரத்தில் இருந்த எங்கள் குடும்ப டாக்டரிடம் போய்வந்தார். நானும் வருகிறேன் என்றதற்கு, "நான் என்ன எல்கேஜியா?" என்று கேட்டுவிட்டுத் தனியாகத்தான் போனார். திரும்பி வந்து மாத்திரைப் பொட்டலத்தை மேஜைமேல் போட்டார்.

"கேஸ்தானாம். காரத்தைக் குறைக்கச் சொன்னார். திருப்தியா உனக்கு?"

நானும் நம்பினேன். டாக்டரே சொல்லிவிட்டார் என்றால் வேறு என்ன செய்வது? ஆனால் அவர் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. ஆணியைப் பழுக்கக் காய்ச்சி பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கீழே பாயிடம் ஏதோ பேசுகிற மாதிரி நடித்து மூச்சு வாங்கினார். முகம் வெளுத்துப் போயிருந்தது. கேட்டால், வெயில்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வராமல் நேராக அபிராமபுரத்துக்குப் போனேன். நோயாளிகளோடு உட்கார்ந்து, முறை வந்ததும் உள்ளே போய், மாத்திரையில் ரத்தம் நிற்கவே இல்லை என்றேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எந்த ரத்தம்?"

அதைக் காட்டத்தானே அவர் வந்தார் என்றேன்.

"என்கிட்ட அப்படி ஒரு வார்த்தை சொல்லலையேம்மா. வயித்துப் பொருமல்னு சொன்னார். வயித்தை அமுக்கிப் பார்க்கக்கூட விடல, ஸ்கூல்ல மீட்டிங்னு எழுந்து ஓடிட்டார்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். வேட்டிக் கறை, காலை நேரத்து அல்லாட்டம், பெல்ட், மாடிப்படி. அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"மூலமாவும் இருக்கலாம். ஆனா நாற்பது தாண்டினவருக்கு ரத்தம் போறது, எடை குறையறது, வழக்கமா போறது மாறிப்போறது, இத்தனையும் இருக்கறப்ப மூலம்னு வீட்டுல உட்கார்ந்து முடிவு பண்ணக்கூடாது. பார்த்துட்டுத்தான் சொல்லணும். தள்ளிப்போடாதீங்க." அடையாறில் இருந்த குடல் நிபுணர் ஒருவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அன்று வீட்டில் நடந்த சண்டை போல் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"டாக்டர்கிட்ட பொய் சொல்லிட்டு வந்து என்கிட்டயும் பொய் சொன்னேளே!"

"பொய் இல்லை. அவர் கேக்கல, நான் சொல்லல."

"கேக்கறதுக்கு அவருக்கு ஜோசியமா தெரியும்?"

"என் உடம்பு. எப்போ காட்டணும்னு எனக்குத் தெரியும்." அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தேர்வு மேற்பார்வை முடிந்ததும் போகிறேன் என்றார். மேற்பார்வை முடிந்தது. பிறகு திருத்தும் பணி என்றார். எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அழுது பார்த்தேன், பேசாமல் இருந்து பார்த்தேன், சமைக்காமலும் இருந்து பார்த்தேன். அவரே போய்ச் சாதம் வடித்துக்கொண்டார்.

ஒரு நாள் காலை கீழே இறங்கும்போது பாய், "இன்னா மா, சார் ரொம்ப எளச்சிட்டாரு?" என்று கேட்டார். அவ்வளவுதான். படியிலேயே நின்று கொட்டித் தீர்த்துவிட்டேன். ஆண்பிள்ளையிடம் சொல்கிற விஷயமா என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை.

மறுநாள் காலை பாய் மாடிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, தலையில் குல்லா, எங்கேயோ விசேஷத்துக்குப் போகிறவர் மாதிரி இருந்தார்.

"சார், ஆட்டோ கீழ நிக்குது. கெளம்புங்க."

"எங்க பாய்?"

"அடையாறுக்கு. எனக்கு ஒண்ணுன்னா இட்டுனு போனீங்க. உங்களுக்கு ஒண்ணுன்னா நான் வேடிக்க பாக்கணுமா? நீங்க வர்ற வரிக்கும் நான் கடைய தொறக்க மாட்டேன் சார்."

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே. "ஊரெல்லாம் தமுக்கடிச்சாச்சாக்கும்" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. ஆனால் சட்டையை மாட்டிக்கொண்டார். நான் மாதக்கணக்கில் தொண்டை வறளக் கத்தியது எடுபடவில்லை. பாய் வாசலில் நின்று நாலு வார்த்தை சொன்னதும் கிளம்பிவிட்டார். அதற்காகச் சந்தோஷப்பட வேண்டியவள்தான். எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்குத் தேதி கொடுத்தார்கள். அந்த நாளில், அடையாறில் ஒரு குறுகிய கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் காத்திருந்தபோது அவர் முதல் முறையாகத் தானாகப் பேசினார்.

"பயந்துண்டுதான் வரல."

"எதுக்குப் பயம்? வலிக்கும்னா?"

"வலிக்கில்லை, காட்டிக்கக் கூச்சம். அதுவும்தான். ஆனா போகாத வரைக்கும் அது மூலம்தானே?"

எனக்கு மனசு இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. இத்தனை மாதமும் அந்தப் பயத்தை என் தலையில் கட்டிவிட்டு அவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார் என்றுதான் தோன்றியது. அவருடைய கைக்கடிகாரத்தை வாங்கி என் பைக்குள் வைத்தேன்.

மூலம் இல்லை. பெருங்குடலில் கட்டி. சதை எடுத்துச் சோதித்ததில் புற்று என்று வந்தது. ரத்தமும் மிகக் குறைந்திருந்ததால் முதலில் ரத்தம் ஏற்றினார்கள், பிறகுதான் அறுவை சிகிச்சை. குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்துவிட்டுத் தைத்தார்கள். அறுவை செய்தவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வேறு எங்கும் பரவியதாகத் தெரியவில்லை, ஆனால் பக்கத்து நெறிக்கட்டிகளில் கொஞ்சம் இருக்கிறது, ஊசி மருந்து போட வேண்டியிருக்கும் என்றார். மழைக்காலத்திலேயே வந்திருந்தால் ஊசி தேவைப்பட்டிருக்குமா என்று கேட்டேன். "அதை இப்ப யாராலயும் சொல்ல முடியாதும்மா" என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமலே போய்விட்டது.

ஊசி மருந்து மாதங்களில் வாந்தி, வாய்ப்புண், தயிர்சாதத்தைக்கூட விழுங்க முடியாமல் தட்டைத் தள்ளிவிடுவது. நான் சம்பளமில்லா விடுப்பில் இருந்தேன். பாய் நாலு தலையணைகளை நல்ல இலவம்பஞ்சில் தைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த கல்வியாண்டின் நடுவில் என் கணவர் பள்ளிக்கூடம் திரும்பினார். பிழைத்துவிட்டார். இன்றைக்கும் இருக்கிறார், நன்றாகவே இருக்கிறார்.

சில வருடங்கள் கழித்து ஒரு கல்யாண வீட்டில், பந்திக்குக் காத்திருந்த நேரத்தில், அவருடன் வேலை பார்த்த ஒருவர் தனக்கும் ரத்தம் போகிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். என் கணவர் அவர் தோளில் கைவைத்தார்.

"நாளைக்கே போய்க் காட்டிடுங்கோ. வெக்கப்படாதேங்கோ. எனக்கு வந்தப்போ நான் ஒரு நாள்கூட வீண் பண்ணல. சந்தேகம் வந்த உடனே கிளம்பிட்டேன். அதான் இப்போ உங்க முன்னால நிக்கறேன்."

நான் அவருக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். உண்மை வாய் வரை வந்துவிட்டது. எதிரில் நின்றவரின் முகத்தைப் பார்த்தேன், நிஜமாகவே நாளைக்குப் போய்விடுவார் போலத் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டேன். பந்தியில் என் கணவருக்குப் பக்கத்தில் உட்காரவில்லை.