நாலு ஸ்பீக்கரில் மகள் குரல்

கோட்டைக்குள் குடியிருந்த கல்யாணராமன், உயிரோடு இருந்தவரை கடையில் எதையும் முழுசாக வாங்கியதில்லை. பாதி வாங்குவார், மீதியைத் தானே செய்வார், செய்ததை மறுவாரம் பிரிப்பார். வீட்டு மிக்சி அப்படித்தான் பரலோகம் போனது. செயலகத்தில் ஃபைல் தள்ளியவருக்கு எலக்ட்ரானிக்ஸ் எங்கிருந்து வந்தது என்று அவர் மனைவி அனந்தலக்ஷ்மி முப்பது வருஷம் யோசித்தாள். வரவேயில்லை என்பதுதான் விடை.

2003இல், பெங்களூரில் வேலை பார்த்த மகள் ஸ்மிதா அப்பாவுக்கு ஒரு மொபைல் வாங்கிக் கொடுத்தாள். கார் ஓட்டிக்கொண்டே பேசுவதற்குக் கடையில் கருவி விற்றார்கள். "பகல்கொள்ளையாக்கும்," என்றார் கல்யாணராமன். பழைய சார்ஜரின் பிளக்கை அறுத்து, மைக்குக்கு ஒரு வயர், தன் காரின் நாலு ஸ்பீக்கருக்கும் ஒரு வயர் என்று சால்டர் செய்ய உட்கார்ந்தார். போனின் அடியில் வரிசையாக இருந்த பின்களை முன்னாலிருந்து பார்த்துப் படம் வரைந்தார். பிளக்கின் முதுகில் அந்தப் படப்படியே ஈயம் வைத்தார். இடது வலதாகிவிட்டது. மைக் ஊமை.

"ஏன்னா, கண்ணாடில பாக்கறாப்பல மாத்தி வச்சிருக்கேளே."

"நீ சாம்பார்ல உப்பைப் பாரு."

மூன்று நாள் கழித்து அவள் சொன்னபடியே மாற்றிவிட்டு, "நானே கண்டுபிடிச்சேன், கேட்டோ," என்றார். அழைப்பு வந்தால் போன் தானாகவே எடுக்கும்படியும் அமைத்தார்.

அனந்தலக்ஷ்மியின் கவலை வேறு. ஸ்மிதாவுக்குத் திருநெல்வேலியில் ஒரு வரன் கூடிவந்தது. கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக் கூடாது என்றார்கள். விட்டுவிடுவாள் என்று ஸ்மிதாவைக் கேட்காமலே அனந்தலக்ஷ்மி கடிதம் எழுதிவிட்டாள். பேசி முடிக்கப் பையனின் அத்தை சரஸ்வதியம்மாள் வந்தாள். தம்பானூர் ஸ்டேஷனிலிருந்து அவளை ஏற்றிக்கொண்டு, முதலில் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் புறப்பட்டார்கள்.

ஓவர்பிரிட்ஜ் தாண்டியதும் போன் அடித்தது. அடுத்த நொடி நாலு ஸ்பீக்கரிலும் ஸ்மிதா.

"அப்பா, நான் வேலையை விட்டுடுவேன்னு அம்மா அவாளுக்கு எழுதினாளாமே? நான் விடமாட்டேன். வர்ற மாமிகிட்ட நீயே சொல்லிடு."

அனந்தலக்ஷ்மி வயரைப் பிடுங்கக் கை நீட்டினாள். கல்யாணராமன் அந்தக் கையைத் தட்டிவிட்டு, முகமெல்லாம் பல்லாகப் பின்சீட்டுக்குத் திரும்பினார்.

"பெங்களூர்லேந்து பேசறா, மாமி. பக்கத்துல உக்காந்து பேசறாப்பல இல்லையோ?"

"நன்னாவே கேட்டுது," என்றாள் சரஸ்வதியம்மாள்.

வந்ததற்குத் தேங்காயை மட்டும் உடைத்துவிட்டு, மத்தியான பஸ்ஸில் ஊர் திரும்பினாள்.

சாயங்காலம் கல்யாணராமன் காருக்குள் குனிந்து எதையோ திருகிக்கொண்டிருந்தார். அனந்தலக்ஷ்மி கதவருகே போய் நின்றாள்.

"உங்க பொண்ணு சொன்னது காதுல விழுந்துதா, இல்லையா?"

"விழாம என்ன? வேலையை விடமாட்டாளாம். மாமியை பஸ் ஏத்திட்டு, விடவேண்டாம்னு அப்பவே போன்ல சொல்லிட்டேன்." அவர் தலையைத் தூக்கவில்லை. "ஆனா கடைசில கொஞ்சம் இரைச்சல், கவனிச்சியோ? எர்த் லூஸாக்கும்."